ட்ரெய்லருக்கு ஒரு ரேம்ப்

கடைசியாக நான் என் மனைவியை உயிரோடு பார்த்தது ஒரு ரேம்ப்பில்தான். நீங்கள் ரேம்ப்பைப் பற்றிக் கேட்டு வந்திருப்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். இல்லாவிட்டால் இதை நான் யாரிடமும் சொல்வதில்லை. கேட்கவும் யாரும் வருவதில்லை.

ஈரோட்டில் ஓர் ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம். ஆபரேஷன் தியேட்டர் மாடியில். ஸ்ட்ரெச்சரை ரேம்ப் வழியாகத்தான் தள்ளிக்கொண்டு போவார்கள். இரண்டு பேர் தள்ளினார்கள். துளசிமணி மல்லாந்து படுத்திருந்தாள், கழுத்து வரைக்கும் பச்சைத் துணி. நர்ஸம்மா அவள் காலிலிருந்த மெட்டியைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி என் கையில் கொடுத்திருந்தார். நான் பின்னால் நடந்தேன்.

அது வெறும் சிமெண்ட் ரேம்ப். ஆனால் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கயிற்றை வைத்து அழுத்திக் குறுக்கே கோடு கோடாகப் போட்டிருக்கிறார்கள். சக்கரம் ஏறும்போது தடதடவென்று சத்தம் வருகிறதே தவிர, வழுக்கவில்லை. ஏற்றமும் அத்தனை நிதானம். தள்ளுகிற இரண்டு பேரும் ஏதோ சம்பளப் பேச்சுப் பேசிக்கொண்டே தள்ளுகிறார்கள், ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை. நான் குனிந்து ஒரு கோட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். விரல் நுனி பாதி இறங்கியது. சக்கரத்துக்கும் பிடிமானம், காலையும் குத்தாது. அடடா, கோடு போடலாம் என்று நமக்குத் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தேன். ஸ்ட்ரெச்சர் திருப்பத்தில் திரும்பிவிட்டது. "ஏனுங்க" என்று அவள் கூப்பிட்டது கேட்டது. "இதா வந்துட்டேன்" என்றேன். நான் மேலே போவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அவ்வளவுதான். அது நடந்து ஆறு வருஷம் இருக்கும்.

நீங்கள் மாதேசன் பட்டறையிலிருந்து வருகிறீர்கள். அங்கே சுவரில் சாத்தியிருக்கிற ரேம்ப்பைப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் ட்ரெய்லரில் பவர் டில்லர் ஏற்றுவதற்கு அந்த மாதிரி ஒன்று வேண்டும், எதில் செய்தால் நல்லது, இல்லை, அதையே விலைக்குத் தருவேனா என்று கேட்கிறீர்கள். மாதேசன் சிரித்துக்கொண்டேதான் அனுப்பியிருப்பான். பரவாயில்லை. அவன் வெல்டிங் வைப்பதில் கெட்டிக்காரன், யோசிப்பதில் கிடையாது. எதில் செய்வது என்பதை என்னைவிட யோசித்தவர்கள் இந்தப் பக்கத்தில் இல்லை. அதனால் முழுக்கக் கேட்டுவிட்டுப் போங்கள்.

என் தொழில் பாத்திர வாடகை. கல்யாணம், காதுகுத்து, சீர், எழவு, எதுவானாலும் அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை, கேஸ் அடுப்பு, கிரைண்டர், சேர், ஜமக்காளம் எல்லாம் இங்கிருந்துதான் போகும். பவானியிலிருந்து அந்தியூர் வரைக்கும் போயிருக்கிறது. சொந்தமாக ஒரு சின்ன டிராக்டரும் ட்ரெய்லரும் வைத்திருந்தோம். ட்ரெய்லரின் தளம் இடுப்பு உயரம். சாமான் எல்லாவற்றையும் அந்த உயரத்துக்கு ஏற்ற வேண்டும், போய் இறக்க வேண்டும், திரும்ப ஏற்ற வேண்டும், வந்து இறக்க வேண்டும்.

ட்ரெய்லரில் சாமான் அடுக்குவது ஒரு கணக்கு. அண்டாவுக்குள் குண்டான், குண்டானுக்குள் வாளி, வாளிக்குள் கரண்டி. ஒன்று மாறினால் போகிற வழியில் விளிம்பு நசுங்கும். அந்தக் கணக்கு எனக்குத்தான் வரும். அதனால் கல்யாணமான வருஷத்திலிருந்தே நான் மேலே, துளசி கீழே. அவள் தரையிலிருந்து தூக்கி ட்ரெய்லர் விளிம்பில் வைப்பாள். நான் உள்ளே இழுத்து அடுக்குவேன். மேலே நிற்பதுதான் சிரமம். குனிந்தபடியே நிற்க வேண்டும், முதுகு போய்விடும். கீழே இருப்பவர்கள் நிமிர்ந்து நிற்கலாம்.

பெரிய அண்டா, கிரைண்டர் மாதிரி சாமானுக்கு மட்டும் நானும் கீழே இறங்கி ஒரு பக்கம் பிடிப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து விளிம்பு வரைக்கும் தூக்குவோம். அப்புறம் அவள் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நான் சுற்றிப் போய் மேலே ஏறி உள்ளே இழுத்துக்கொள்வேன். அவள் ஒரு தடவைகூடக் கையை விட்டதில்லை. ஆள் வைத்துப் பார்த்தோம். ஒருத்தரும் சரிப்படவில்லை. டம்மென்று போடுவார்கள். துளசி வைத்தால் பாத்திரம் வைத்த சத்தமே கேட்காது.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கடையில் கூட்டம் இருக்காது. அப்படியொரு மார்கழியில்தான் அவள் சொன்னாள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்த தையலில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு. நின்றால் வெளியே வரும், படுத்து அமுக்கினால் உள்ளே போய்விடும்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"உங்க மக வயசுக்கு வந்ததுலேர்ந்துங்க."

மகளுக்குக் கல்யாணமாகித் திருப்பூர் போயே அப்போது ரொம்ப நாளாகிவிட்டது. "இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க மேல நிப்பீங்க. கத்தியா சொல்றது?" என்று சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு அப்படித்தான், எதையாவது சொல்லிச் சிரிப்பாள்.

பவானியில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். என்னை உள்ளே கூப்பிட்டு என் முகத்தைப் பார்த்தே சொன்னார். குடல் இறங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது, செய்கிற வரைக்கும் பாரம் தூக்கக் கூடாது, தூக்கினால் என்றைக்காவது வெளியே வந்தது உள்ளே போகாமல் மாட்டிக்கொள்ளும், அப்போது உயிருக்கே ஆபத்து. நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். ஒரு வார்த்தை விடவில்லை.

பஸ்ஸில் வரும்போது துளசி சொன்னாள், "தை மாசத்துக்கெல்லாம் ஒத்துக்கிட்டாச்சுங்க. வைகாசி முடியட்டும். ஆடியில எப்படியும் சும்மாதான ஒக்கோந்திருப்போம், அப்பப் பண்ணிக்கலாம்."

"அது வரைக்கும் பாரம்?"

"ரெண்டு பலகையச் சாத்தி வெச்சா, உருட்டி ஏத்திக்கறேன். என் தம்பிகிட்டச் சொன்னா ரெண்டு பலகை கொண்டாந்து போட்டுட்டுப் போறான்."

"பலகையெல்லாம் வேண்டாம். உனக்குச் சரியான ரேம்ப்பே போட்டுத் தர்றேன். சும்மா ஒரு வெரல்ல தள்ளிட்டுப் போற மாதிரி" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன். அது வரைக்கும் நான் அவளுக்கென்று எதுவும் செய்து கொடுத்தது கிடையாது.

முதலில் மரத்தைப் பார்த்தேன். மரக்கடையில் நல்ல வேம்பு இருந்தது. வேம்பைப் பூச்சி அரிக்காது, கனமும் அதிகமில்லை. ஆனால் நம் சாமான் கழுவிய ஈரத்தோடு ஏறும், எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். துளசி சோறாக்குகிற பாத்திரத்துக்கு முன்னால் செருப்புப் போட மாட்டாள், அது அவளுடைய பழக்கம். ஈரப் பலகை, எண்ணெய், வெறுங்கால். மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும்? அவள் சறுக்கி விழுவாள். வயிற்றில் அடிபடும். யாருக்காக ரேம்ப்போ அவளுக்கே ஆபத்து. மரம் வேண்டாம் என்று வந்துவிட்டேன். தைலமரம் வெயிலில் வளையும். தேக்கைக் கேட்டேன். "ட்ரெய்லருக்குத் தேக்குங்களா? மாப்பிள்ளை கட்டிலுக்குக்கூட இப்ப யாரும் தேக்குக் கேக்கறதில்லீங்க" என்றார் கடைக்காரர்.

இப்படியே தை போய்விட்டது. தையில் எல்லாம் பழையபடிதான் ஏற்றினோம். அவள் ஒரு பழைய துண்டை மடித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொள்வாள். ஏற்றி முடித்ததும் குண்டானைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டு அதன்மேல் உட்காருவாள். நானும் அந்த நேரத்தில் சும்மா இருக்கவில்லை. ட்ரெய்லரின் பின்பக்கத்தை அளந்து, எவ்வளவு நீளம் இருந்தால் ஏற்றம் தெரியாது என்று சுண்ணக்கட்டியால் தரையில் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

மாசியில் மாதேசனிடம் போனேன். "கண்ண மூடிட்டு செக்கர் பிளேட் போடுங்கண்ணா. நாளைக்கே அடிச்சுத் தந்தர்றேன்" என்றான். செக்கர் பிளேட் என்றால் பஸ் படிக்கட்டில் பார்த்திருப்பீர்களே, புடைப்பு புடைப்பாக இருக்கும் இரும்புத் தகடு. வழுக்காது. அது நிஜம்.

"வெயில்ல சுடாதா மாதேசா?"

"இரும்புன்னா சுடத்தானுங்க செய்யும். பின்ன ஜில்லுன்னா இருக்கும்?"

"அவ வெறுங்கால்ல ஏறுவாளே."

"அக்காளுக்கு ஒரு செருப்பு வாங்கிக் குடுங்க. ரேம்ப்ப விடச் செருப்பு சீக்கிரம் கெடைக்கும்."

அவனுக்கு எல்லாமே கேலிதான். நான் ஒரு துண்டுத் தகட்டை வாங்கி வந்து மத்தியான வெயிலில் போட்டு வைத்தேன். அதன்மேல் என் காலை வைத்துப் பார்த்தேன். வைக்க முடியவில்லை. என் காலே தாங்கவில்லை என்றால் அவள் கால் எப்படித் தாங்கும்? மற்றவர்களாக இருந்தால் தகட்டை அடித்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். நான் காலை வைத்துப் பார்த்தேன்.

அடுத்தது ஜாலி. ஜன்னலுக்கெல்லாம் அடிப்பார்களே, இரும்புத் தகட்டைக் கீறி இழுத்து வலை மாதிரி செய்தது. கனம் குறைவு, தண்ணீர் தங்காது, வெயில் அவ்வளவாக ஏறாது. எனக்கே பிடித்துவிட்டது. அவளே ஏறிப் பார்க்கட்டும் என்று துளசியைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாதேசன் ஒரு ஜாலியைத் திண்டின்மேல் சாய்த்து வைத்தான். அவள் இரண்டடி ஏறினாள். மூன்றாவது அடியில் மெட்டி ஜாலிக் கண்ணில் மாட்டிக்கொண்டது. முன்னால் சாய்ந்துவிட்டாள். மாதேசன் பிடித்துக்கொண்டான்.

"இது ஆகாது" என்றேன்.

"ஏனுங்க, ஏத்தற நேரத்துக்கு மட்டும் மெட்டியக் கழட்டி வெச்சுக்கறேன். ஏத்துனதும் போட்டுக்கறேன்."

"நான் குத்துக்கல்லாட்ட நிக்கறப்ப மெட்டியக் கழட்டுவயா? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"அப்பச் செருப்புப் போட்டுக்கறேன்."

"சாமானுக்கு முன்னாலயா?"

"சாமானுக்கு முன்னால வேண்டாம்னு நெனச்சவ நான்தான. நானே உட்டர்றேன்."

"ரேம்ப்புக்காக நீ எதையும் உட வேண்டியதில்ல. ரேம்ப்புதான் உனக்குத் தகுந்த மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டேன். மாதேசன் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வெல்டிங் வைக்கப் போய்விட்டான். வீட்டுக்கு வந்ததும் துளசி சொன்னாள்:

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப, காப்பி ஆறதுக்குள்ள சரின்னுட்டுப் போனீங்க. ஒரு பலகைக்கு ரெண்டு மாசமா நடக்கறீங்க."

"அது எங்கப்பன் பண்ணுன முடிவு. இது நான் பண்ணறது" என்றேன். அதற்கு அவள் சிரித்த மாதிரி நான் பார்த்ததே இல்லை. சிரித்துச் சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பங்குனியில் அலுமினியம் பார்க்கக் கோயமுத்தூர் போனேன். அங்கே ஒரு கடையில் வரி வரியாகப் புடைத்த தகடு இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். இருந்தது. ஒற்றைக் கையில் தூக்கலாம், துருப் பிடிக்காது. ஆனால் அதுவும் வெயிலில் சுடத்தான் செய்யும், மாதேசனுக்கு அலுமினியத்தில் வெல்டிங் வைக்கத் தெரியாது. போல்ட் போட்டு முடுக்கினால் ஆட்டத்தில் கழன்றுவிடும். கடைக்காரரிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். நல்ல மனுஷர், டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தார்.

அன்றைக்கு ஒரு காதுகுத்துக்குச் சாமான் போக வேண்டியிருந்தது. எனக்கு மறந்துவிட்டது. துளசியே தனியாக ஏற்றி, அக்கம்பக்கத்தில் யாரையோ டிராக்டர் ஓட்டச் சொல்லி அனுப்பியிருந்தாள். நான் வந்து, "எப்படி ஏத்துன?" என்று கேட்டேன்.

"கீழயும் நானே நின்னேன், மேலயும் நானே நின்னேன்" என்றாள்.

அடுக்கியது சரியில்லை. ஒரு குண்டான் விளிம்பு நசுங்கியிருந்தது. நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சித்திரையில்தான் எனக்கு வழி பிடிபட்டது. ஒரு சர்க்கரை மில்லில் கரும்புச் சக்கை ஓடுகிற ரப்பர் பெல்ட்டைப் பழசானால் கழித்துவிடுவார்கள். நல்ல தடிமன். அதை வெட்டி செக்கர் பிளேட்டின்மேல் ஒட்டிவிட்டால் வழுக்காது, காலைச் சுடாது, மெட்டி மாட்டாது, பாத்திரத்தில் கீறல் விழாது. அத்தனைக்கும் ஒரே பதில். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, நானாக யோசித்தது. மாதேசன்கூட, "நல்ல ரோசனைதானுங்கண்ணா" என்று ஒத்துக்கொண்டான். இரண்டே நாளில் சட்டம் அடித்து, தகடு வைத்து, கீல் வரைக்கும் முடித்துவிட்டான். பெல்ட் மட்டும் வரவில்லை. மில்லில் கழிவுச் சாமானை ஏலம் விட்டால்தான் கிடைக்கும்.

"அண்ணா, இத எடுத்துட்டுப் போய் மாட்டுங்க. பெல்ட் வந்ததும் நானே வந்து ஒட்டித் தர்றேன்" என்றான் மாதேசன்.

"அரைகுறையா ஒண்ணு வேண்டாம் மாதேசா. முழுசா முடியட்டும்."

"அக்கா பாரந் தூக்கறாங்களே."

"இத்தன நாள் பொறுத்தவ, இன்னும் நாலு நாள் பொறுக்க மாட்டாளா?"

சந்தைக்குப் போகிற வழியில் துளசி அதைப் பார்த்துவிட்டாள். பட்டறைச் சுவரில் சாத்தியிருந்தது, இப்போது நீங்கள் பார்த்த அதே இடத்தில்தான். டிராக்டரை நிறுத்தச் சொன்னாள். "அது நம்முளுதுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இறங்கிப் போய்க் கையால் தடவிப் பார்த்தாள். அப்புறம், "இதையே போட்டுட்டுப் போயிரலாமுங்க" என்றாள்.

"இன்னும் முடியல துளசி. இதுக்கு மேலதான் முக்கியமானதே வருது."

அவள் வந்து ஏறிக்கொண்டாள்.

வைகாசியில் ஒரு புதுமனை புகுவிழா. அம்மாபேட்டைப் பக்கம். விழா மறுநாள், சாமானைக் காலையிலேயே ஏற்றினோம். அண்டாவெல்லாம் ஏற்றியாகிவிட்டது, கடைசியில் கிரைண்டர். வழக்கம்போல இரண்டு பேரும் தூக்கி விளிம்பில் வைத்தோம். அவள் தாங்கிக்கொண்டாள். நான் சுற்றி வந்து ஏறினேன். முந்தின நாள் தூறல், படியெல்லாம் சேறு. பார்த்துத்தானே ஏற வேண்டும்?

"ஏனுங்க, சீக்கிரம்" என்றாள்.

"வந்துட்டே இருக்கறேன்."

"சீக்கிரமுங்க."

நான் பிடித்து இழுக்கிற வரைக்கும் அவள் விடவில்லை. கிரைண்டர் துளிகூட ஆடவில்லை. அடுக்கி முடித்துத் திரும்பிப் பார்த்தால் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். குண்டான்கூடப் போட்டுக்கொள்ளவில்லை, வெறுந்தரை. வேர்த்து ஊற்றியிருந்தது. "உள்ள போக மாட்டேங்குதுங்க" என்றாள். உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று நான் கேட்டேன், கேட்காமல் இல்லை. "சமையக்காரங்க காத்துட்டிருப்பாங்க. நீங்க போய் எறக்கிட்டு வாங்க, அதுக்குள்ள உள்ள போயிரும்" என்று அவள்தான் சொன்னாள். சொன்ன வாக்குத் தவறக் கூடாது என்பதில் அவள் என்னைவிடக் கறார்.

இறக்கிவிட்டுத் திரும்பும்போது மாதேசன் கை காட்டி நிறுத்தினான். பெல்ட் வந்திருந்தது. அன்றைக்குத்தான் வர வேண்டுமா? நேரே வீட்டுக்குத்தான் போயிருப்பேன். ஆனால் பெல்ட்டை வெட்டும்போது நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அளவு மாறிவிடும். பசை தடவி, பாரம் வைத்து அமுக்கி, மூலையெல்லாம் சரியாக ஒட்டுகிறதா என்று பார்த்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அவளிடம் போய்ச் சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அதற்குள் அவள் பல தடவை வாந்தி எடுத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரம்மா சோடா வாங்கிக் கொடுத்திருந்தார்கள். புடைப்பைத் தொட விடவில்லை. "துளசி, பெல்ட் ஒட்டியாச்சு. காஞ்சதும் எடுத்துட்டு வந்தர்றேன்" என்றேன். தலையை ஆட்டினாள். மறுநாள் விடிந்ததும் ஈரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்து, குடல் கருகிப்போய்விட்டது, நேற்றே வந்திருக்க வேண்டும் என்றார். அவருக்கு எங்கள் தொழிலைப் பற்றி என்ன தெரியும்? அவளுடைய தம்பி அர்த்தநாரி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கட்டட மேஸ்திரி அவன், எதிலும் அவசரம். அழுதுகொண்டே, "ரெண்டு பலகை மச்சான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பலகை" என்றான்.

"ஈரப் பலகை வழுக்கும் மாப்ள" என்றேன்.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் சொன்னதில் தப்பு ஏதாவது இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.

பதினாறாம் நாள் காரியத்தைப் பவானி ஆற்றங்கரையில் ஒரு மண்டபத்தில் செய்தோம். சாப்பாட்டுக்கு நம் சாமானேதான் போயிற்று. எல்லாம் முடிந்து பாத்திரங்களைத் திரும்ப ஏற்றும் நேரத்தில், அர்த்தநாரி எங்கோ பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து இரண்டு சாரப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். சிமெண்ட் காய்ந்து ஒட்டிய பலகை. ட்ரெய்லரில் சாத்தினான். கொக்கி கிடையாது, ஓரத்தில் தடுப்பு கிடையாது. அவனும் அவனுடைய ஆள் ஒருவனும் அண்டாவைப் படுக்கப் போட்டு உருட்டிக்கொண்டு மேலே போனார்கள். கிரைண்டரைச் சாக்கின்மேல் வைத்து இழுத்தார்கள். நான் மேலே நின்று அடுக்கினேன். வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, அத்தனை சாமானும் ஏறிவிட்டது. "நடுவுல பலகை தொய்யுது, பாத்து" என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். ஒன்றும் விழவில்லை. விழாமல் இருந்தது அதிர்ஷ்டம், அதை முறை என்று சொல்ல முடியாது.

ஏற்றி முடித்ததும் பலகையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரிய வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பார்கள், அதனால்தான் சொல்லாமல் போகிறான் என்று நினைத்தேன். அதற்கப்புறமும் வரவில்லை. என்மேல் என்ன கோபம் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை. அவன் அக்காளுக்காக நான் அலைந்த மாதிரி அவன் ஒருநாள் அலைந்திருப்பானா? மகள்கூட, "அதையெல்லாம் பேசாதீங்கப்பா" என்று போனை வைத்துவிடுகிறாள்.

அப்புறம் நான் பட்டறைக்குப் போய் ரேம்ப்பைப் பார்த்தேன். பசை காய்ந்திருந்தது. ஆனால் கீழ்மூலையில் பெல்ட் கொஞ்சம் தூக்கியிருந்தது. சக்கரம் முதலில் ஏறுகிற மூலை. அங்கே தூக்கினால் போகப் போகக் கிழியும். சரி செய்து எடுத்துப் போகலாம் என்று விட்டு வந்தேன். மாதேசன் இடத்தை அடைக்கிறது என்கிறான். கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான், முடியாத சாமானை நான் விற்க மாட்டேன். உங்களுக்கும் அதுதான். மன்னிக்க வேண்டும்.

எதில் செய்வது என்று கேட்டீர்கள் அல்லவா? பவர் டில்லர் என்றால் கனம் வேறு, சக்கரம் வேறு. அவசரப்பட்டு எதையும் வாங்கிவிடாதீர்கள். முதலில் உங்கள் வீட்டில் கீழே நின்று தள்ளப் போவது யார், அவர் செருப்புப் போடுவாரா, அதைச் சொல்லுங்கள். அப்புறம் வெயில் எந்த நேரத்தில் ட்ரெய்லரில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். மழைக்காலம் ஒன்று போனால்தான் ஈரத்தில் எப்படி என்று தெரியும். கோடு போட்ட சிமெண்ட் மாதிரி தகட்டில் கோடு இழுக்க முடியுமா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

உங்கள் ட்ரெய்லர் எவ்வளவு உயரம்? சொல்லத் தெரியவில்லை என்றால் பின்பக்கம் வாருங்கள், என்னுடையதைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். டிராக்டரை விற்றுவிட்டேன். இப்போது சேர், டம்ளர், ஜமக்காளம் மட்டும்தான் வாடகைக்கு விடுகிறேன், மொபெட்டில் கட்டிக்கொண்டு போய்விடலாம். ட்ரெய்லர் கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நிற்கிறது. டயர் இரண்டும் மண்ணில் இறங்கிவிட்டன, அதனால் உயரத்தில் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். பார்த்து வாருங்கள், கொடி படர்ந்திருக்கிறது. காரியத்தன்று ஏற்றிய அண்டாவும் குண்டானும் கிரைண்டரும் அடுக்கியபடியே அதில்தான் இருக்கின்றன.